மேடை வேண்டாம், வட்டம் போதும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 'உள்ளூர் தலைமை உரையாடல் வட்டம்' பற்றி ஒரு பக்கக் குறிப்பு வந்திருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர், சுய உதவிக் குழு ஊக்குநர், தலைமையாசிரியை, பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் கடைக்காரர் என்று ஏதோ ஒரு பொறுப்பைத் தலையில் சுமப்பவர்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து, ஒருவருடைய உண்மையான சிக்கலை மட்டும் எடுத்துப் பேசுவது. பிறகு இப்படிப்பட்ட வட்டங்களை ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு இணைப்பது. இதுதான் அந்தக் குறிப்பின் சாரம். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஆரம்பிக்க ஆசை. எத்தனை பேர், எங்கே உட்காருவது, யாரை அழைப்பது?
– பெரம்பூர் வாசகி

எட்டுப் பேர். பத்து வரை தாங்கும். ஆறுக்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத மாதத்தில் வட்டம் அரட்டையாகிவிடும். மேல் வரம்புக்குக் காரணம் வெறும் கணக்கு. ஒரு சுற்றில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் எட்டுப் பேருக்கு 24 நிமிடம். இருபது பேருக்கு ஒரு மணி நேரம்! இருபதாவது ஆள் வாய் திறக்கும்போது முதல் ஆள் போனைத் தடவிக்கொண்டிருப்பார்.

யாரை அழைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நண்பர்களை அழைக்காதீர்கள். வட்டத்தில் ஒருவருக்கு இன்னொருவர் மேலதிகாரியாகவோ, கடன் கொடுத்தவராகவோ, சம்பந்தியாகவோ இருக்கக் கூடாது. ஒரே அலுவலகம், ஒரே சங்கம், ஒரே கட்சிக் கிளையிலிருந்து இரண்டு பேர் வேண்டாம். அப்படி இருந்தால் உண்மையான சிக்கல் வெளியே வராது. வந்தாலும் மெருகு போட்டு வரும். எட்டுப் பேரும் எட்டுத் தொழிலாக இருப்பது நல்லது. தலைமையாசிரியையின் பிரச்சினைக்கு இன்னொரு தலைமையாசிரியை தீர்வு சொல்வார். மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர் கேள்வி கேட்பார். நமக்கு வேண்டியது கேள்வி.

இடம்: பத்து பிளாஸ்டிக் நாற்காலியை மேசை இல்லாமல் வட்டமாகப் போட, ஏறக்குறைய 14 அடிக்கு 14 அடி அறை வேண்டும். கிளை நூலகம் முதலில் பார்க்க வேண்டிய இடம். பல நூலகங்களில் ஏற்கெனவே 'வாசகர் வட்டம்' இருக்கிறது, நூலகருக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. வார்டு சமுதாயக் கூடம் பெரிது, குரல் எதிரொலிக்கும். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா மாதிரி இடங்கள் காலை ஏழு மணிக்கு அருமை. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையை நம்பி நாள் குறிக்க முடியாது, நடைப்பயிற்சிக்கு வரும் தெரிந்த முகங்களும் நின்று "என்ன மீட்டிங்கு?" என்பார்கள். வீடுகளில் முறை வைத்து நடத்துவதைக் கூடுமானவரை தவிர்க்கவும். முதல் மாதம் டீயும் பிஸ்கட்டும், மூன்றாம் மாதம் கேசரி பஜ்ஜி, ஆறாம் மாதம் வாழையிலை. அந்தப் போட்டிக்கு ஈடுகொடுக்க முடியாதவர் காரணம் சொல்லாமலே நின்றுவிடுவார்.

இரண்டு மணி நேரம் என்னதான் செய்வது? நிமிடக் கணக்கோடு சொல்லுங்கள்.
– கொட்டிவாக்கம் வாசகர்

நிமிடக் கணக்கு இல்லாமல் இது நடக்கவே நடக்காது. சரியாகக் கேட்டீர்கள்.

முதல் 15 நிமிடம் டீ, தாமதமாக வருகிறவர்களுக்கான சலுகை. அதற்குப் பிறகு கதவு சாத்தப்படும். அடுத்த 10 நிமிடம் வருகைச் சுற்று: ஆளுக்கு ஒரு நிமிடம், "இந்த மாதம் என் பொறுப்பில் என்னை உறுத்தியது எது" என்று மட்டும். பிறகு 10 நிமிடம், போன மாதம் சிக்கலை வைத்தவர் என்ன செய்து பார்த்தார், என்ன ஆயிற்று என்று சொல்வார். சிலர் 'நேரமில்லை' என்று இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் நான்காவது மாதத்தில் வட்டம் வெறும் பேச்சாகிவிடும், யாரும் எதையும் செய்து பார்க்க மாட்டார்கள்.

இப்போது இந்த மாதச் சிக்கல். வைப்பவர் 10 நிமிடம் பேசுவார். அடுத்த 10 நிமிடம் விவரக் கேள்விகள் மட்டும்: எத்தனை பேர், எப்போதிலிருந்து, யார் கையெழுத்து. அதன்பின் 25 நிமிடம் திறந்த கேள்விகள். இதுதான் வட்டத்தின் உயிர். கீழே தனியாகச் சொல்கிறோம். அடுத்த 20 நிமிடம் சிக்கலை வைத்தவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி உட்காருவார். மற்றவர்கள் அவர் அங்கே இல்லாதது போல், தங்களுக்குள் பேசுவார்கள். லண்டனில் 1950களில் மைக்கேல் பாலின்ட் என்ற மருத்துவர், டாக்டர்களுக்காக நடத்திய குழுக்களின் வழியில் வந்த உத்தி இது. அக்குழுக்களில் நோயாளியைப் பற்றிச் சொன்ன மருத்துவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார். முகத்தைப் பார்த்துப் பேசினால் நாம் ஆறுதல் சொல்வோம், அவரும் தலையாட்டுவார். முதுகைப் பார்த்தால் யோசிப்போம். முதல் தடவை எல்லாருக்கும் சிரிப்பு வரும். வரட்டும், இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும்.

பிறகு அவர் திரும்பி உட்கார்ந்து 10 நிமிடம்: எது உள்ளே போயிற்று, அடுத்த மாதத்துக்குள் எதைச் செய்து பார்க்கப் போகிறார். விளக்கம் வேண்டாம், ஒரே ஒரு செயல், தேதியோடு. கடைசி 10 நிமிடம் நிறைவுச் சுற்று: மற்றவர்கள் தங்கள் வேலைக்கு இதிலிருந்து எதை எடுத்துப் போகிறார்கள். கூட்டிப் பாருங்கள், 120 வரும்.

பொறுப்பு இரண்டு பேருக்குத்தான். ஒருவர் நெறியாளர், இன்னொருவர் நேரம் பார்ப்பவர். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றக் கூட்டங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே மூன்று அட்டையாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். மூன்று நிமிடப் பேச்சுக்கு 2 நிமிடத்தில் பச்சை, இரண்டரையில் மஞ்சள், மூன்றில் சிவப்பு. மணி அடிக்காதீர்கள், பட்டிமன்றம் ஞாபகம் வந்துவிடும்.

கேள்வி கேட்கச் சொன்னால் எல்லாரும் அட்வைஸ்தான் தருகிறார்கள். எப்படி மாற்றுவது?
– அசோக் நகர் வாசகர்

தமிழில் இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. வாக்கியத்தின் வாலைப் பாருங்கள். "போய்ப் பேசலாமே?", "ஒரு நோட்டீஸ் ஒட்டக் கூடாதா?", "மீட்டிங் போட்டுப் பார்த்தீங்களா?" இந்த மூன்றும் கேள்விக்குறி போட்ட அறிவுரைகள். '-லாமே', '-க் கூடாதா', '-ப் பார்த்தீங்களா' வந்தால் நெறியாளர் கை தூக்க வேண்டும். கேட்டவர் அதே ஆர்வத்தை வேறு கேள்வியாக மாற்றிக் கேட்க வேண்டும்.

ஒரு மாதிரி: நாற்பத்தெட்டு வீடு உள்ள அடுக்ககத்தில் பதினோரு வீடு லிஃப்ட் பராமரிப்புப் பணம் தருவதில்லை என்று செயலாளர் சிக்கலை வைக்கிறார். "பேர் எழுதி போர்டில் போடலாமே?" என்பது வால் கேள்வி. "அந்தப் பதினொன்றில் முன்பு தந்துகொண்டிருந்து, பிறகு நிறுத்தியவர்கள் எத்தனை?" என்பது கேள்வி. அவருக்கு அந்த எண்ணிக்கை தெரியாமல் இருக்கலாம். தெரியாது என்று அவர் உணரும் அந்த நொடிதான் பலன். "எல்லாரும் பணம் தந்துவிட்டால் உங்கள் வேலையில் என்ன மிச்சமிருக்கும்?" என்று இன்னொருவர் கேட்டால், பிரச்சினை பணமா, பொருளாளரோடு ஒத்துப்போகாததா என்பது வெளியே வரலாம்.

'ஏன்' என்ற சொல்லையும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்பது நம் காதில் போலீஸ் ஸ்டேஷன். "அப்போ உங்க மனசுல என்ன இருந்தது?" என்று கேட்டால் அதே விஷயம் பயமில்லாமல் வரும். கேள்வி மட்டும் கேட்கும் இந்த ஒழுங்கை இங்கிலாந்தில் ரெக் ரெவன்ஸ் என்ற மேலாண்மை அறிஞர் 1940களில் நிலக்கரிச் சுரங்க மேலாளர்களிடையே வளர்த்தெடுத்தார். வெளியிலிருந்து நிபுணர் வந்து சொல்வதைவிட, ஒரே மாதிரிப் பொறுப்பில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதே கற்றல் என்பது அவர் கட்சி. நம் கட்சியும் அதுதான்.

எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் விடாமல் பேசுகிறார். வயதில் மூத்தவர், எப்படி நிறுத்துவது?
– தியாகராய நகர் வாசகி

நபரை நிறுத்த முயலாதீர்கள், பொருளை வைத்து நிறுத்துங்கள். வட்டத்தில் ஒரு பொருள் கைமாறிக்கொண்டே வரட்டும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். பம்பரம் போதும். (செம்பு வேண்டாம். நாட்டாமை ஜோக்கும் 'சொம்பு தூக்கி' ஜோக்கும் வந்து பாதி நேரம் போய்விடும்.) பேச விருப்பமில்லாதவர் பம்பரத்தை அடுத்தவருக்குத் தரலாம், சுற்று முடியும்போது அவருக்கு மறுபடி ஒரு வாய்ப்பு. சிவப்பு அட்டை காட்டியதும் பம்பரம் நகர வேண்டும். முதல் நாளே எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி என்பதால் மரியாதைக் குறைவு என்ற பேச்சே எழாது.

அப்படியும் அடங்கவில்லையா? அடுத்த இரண்டு மாதம் நேரம் பார்க்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். நேரம் பார்க்கிறவரால் அதிகம் பேச முடியாது. பெரும்பாலும் ரொம்பக் கறாராகவும் பார்ப்பார்.

ஒருவரையொருவர் எப்படி விளிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். 'சார்', 'மேடம்', 'தலைவரே' மூன்றையும் வாசலில் விட்டுவிடலாம். 'எல்லாரும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும்' என்று வெளிநாட்டுப் பயிற்சிக் கையேட்டில் இருப்பதை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். இருபத்தைந்து வயதுப் பெண் அறுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார். கட்டாயப்படுத்தினால் பேசாமலே இருந்துவிடுவார். அண்ணா, அக்கா, ஐயா, அம்மா எதுவும் இருக்கட்டும். எல்லாருக்கும் 'நீங்க' என்பது மட்டும் விதி.

திறப்பு விழா வைக்கலாமா? கவுன்சிலரை அழைக்கலாமா?
– கொளத்தூர் வாசகர்

வேண்டாம். அழைப்பிதழில் 'முன்னிலை' என்று அச்சடித்த நிமிடமே வட்டம் மேடையாகிவிடும். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை முடிந்தால் மிச்சம் இருபது நிமிடம். கவுன்சிலர் உறுப்பினராக வர விரும்பினால் தாராளமாக வரலாம், சென்னையில் 200 வார்டு இருக்கின்றன. ஆனால் அவர் வார்டுக்காரர்கள் இல்லாத வட்டமாக இருக்க வேண்டும். தெருவிளக்கு, குப்பை, கால்வாய் பற்றிய கோரிக்கைகளுக்குப் பகுதி சபா இருக்கிறது. அதை வட்டத்துக்குள் கொண்டுவந்தால் அவர் பதில் சொல்லும் அதிகாரியாகிவிடுவார், சக உறுப்பினராக இருக்க முடியாது.

மகளிர் குழுவில் வாராவாரம் கூடுகிறோமே, அதுவே வட்டம் இல்லையா?
– வியாசர்பாடி வாசகி

இல்லை. ஆனால் உங்களுக்கு வட்டம் நடத்தப் பாதிப் பயிற்சி ஏற்கெனவே ஆகிவிட்டது. தர்மபுரியில் 1989-இல் தொடங்கி, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-இல் வங்கி இணைப்பைச் சோதித்துப் பார்த்த காலத்திலிருந்து சுய உதவிக் குழுக்கள் நின்று நிலைத்ததற்குக் காரணம் ஐந்து பழக்கங்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், நேரத்துக்குத் திருப்பிச் செலுத்துதல், அன்றன்றைக்கு எழுதும் கணக்கு. முதலாவதும் கடைசியும் வட்டத்துக்கும் அப்படியே பொருந்தும்.

குழுக் கூட்டத்தின் பேச்சு பணம். கடன் யாருக்கு, தவணை எவ்வளவு என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில், "என்னால் இந்தக் குழுவைக் கட்டி மேய்க்க முடியவில்லை" என்று ஊக்குநர் சொல்ல முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களே அந்தச் சிக்கல். அதனால் எட்டு வெவ்வேறு குழுக்களின் ஊக்குநர்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது, தனியே உட்காருங்கள். முடிந்தால் வெவ்வேறு பகுதிகளிலிருந்து. வியாசர்பாடி, ராயபுரம், எண்ணூர் என்று இருந்தால் பேச்சு மறுநாள் காலை குழாயடிக்கு வந்து சேராது.

வட்டத்தில் பேசியது வெளியே போய்விட்டது. இனி என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், மயிலாப்பூர்

வாட்ஸ்அப் குழுவில் யாராவது 'இன்று அருமையான பகிர்வு' என்று ஆரம்பித்திருப்பார், சரிதானே? முக்கால்வாசிக் கசிவு அப்படித்தான். கெட்ட எண்ணத்தில் நடப்பது குறைவு. வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் தேதி, இடம், நேரம் இவற்றைத் தவிர எதுவும் வரக்கூடாது. நிர்வாகி மட்டும் பதிவிடும்படி அமைத்துவிடுங்கள். படமும் வேண்டாம், ஒலிப்பதிவும் வேண்டாம்.

'சாத்தம் ஹவுஸ் விதி' என்று லண்டனில் 1927-இல் உருவான ஒரு வழக்கம் உண்டு. கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னது என்று அடையாளம் காட்டக் கூடாது. பல வட்டங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. உள்ளூர் வட்டத்துக்கு அது போதாது என்பது எங்கள் கருத்து. "ஒரு அடுக்ககம், 48 வீடு, லிஃப்ட் பணம்" என்றாலே பேர் சொல்லாமல் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உள்ளூரில் விதி இப்படி இருக்கட்டும்: நீங்கள் சொன்னது, நீங்கள் கற்றது இரண்டையும் வெளியே பேசலாம், அடுத்தவர் சொன்னதை அவரிடமே கூட வெளியில் கேட்கக் கூடாது. "லிஃப்ட் விஷயம் என்னாச்சு?" என்று ரேஷன் கடை வரிசையில் கேட்பதும் கசிவுதான்.

இப்போது நடந்த கசிவுக்கு: அடுத்த கூட்டத்தில் புதிய சிக்கல் எதுவும் எடுக்காதீர்கள். முழு நேரமும் இதற்கே. யார் என்று தேடும் விசாரணை வேண்டாம். சிக்கலை வைத்தவர் முதலில் பேசட்டும், பிறகு பம்பரம் ஒரு முழுச் சுற்று. அவர் விலகுகிறேன் என்றால் தடுக்காதீர்கள்.

சிங்கப்பூர், லண்டன், டொராண்டோவில் சொந்தக்காரர்கள் இதே மாதிரி தொடங்க ரெடி. எல்லாரையும் ஒரே ஜூமில் சேர்த்துவிடலாமா?
– மேடவாக்கம் வாசகர்

அங்கேதான் வட்டங்களை இணைக்கும் வலை அறுந்து போகும். நாற்பது பேர் ஜூமில் முப்பது பேர் கேமராவை அணைத்துவிட்டுச் சமைப்பார்கள். வட்டங்களை இணைக்கலாம், ஆட்களைக் கூட்டமாக இணைக்காதீர்கள்.

எளிய அமைப்பு ஜோடி வட்டம். மேடவாக்கமும் டொராண்டோவும் மூன்று மாதத்துக்கு ஜோடி. கூட்டம் முடிந்ததும் ஒரு பக்கத் தாள் ஒன்றை ஜோடிக்கு அனுப்ப வேண்டும். அதில் கதை இருக்காது; அன்று வட்டத்தை அசைத்த மூன்று கேள்விகள், நடைமுறையில் சொதப்பிய ஒரு விஷயம், அவ்வளவே. சாத்தம் ஹவுஸ் விதி இங்கே சரியாகப் பொருந்தும். மூன்று மாதம் முடிந்ததும் ஜோடி மாறும். கோடை விடுமுறைக்கு யாராவது ஊருக்கு வந்தால் ஒரு கூட்டத்தில் விருந்தாளியாக உட்காரலாம். வருகைச் சுற்றிலும் நிறைவுச் சுற்றிலும் மட்டும் பேசுவார். ஒரு விருந்தாளியால் வலை பெறுவது, பத்து ஜூம் கூட்டத்தால் பெறுவதைவிட அதிகம்.

ஒருங்கிணைப்பாளர்கள் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் சந்தியுங்கள். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் 60 நிமிடம். அறுபது நிமிடம் தாராளம். பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், நான்கு நான்காகப் பிரித்துப் பேசவிடுங்கள்.

நேரக் கணக்கில் கவனம். சென்னையில் ஞாயிறு இரவு 7.30 என்றால் துபாயில் மாலை 6, சிங்கப்பூரில் இரவு 10. குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் 2, டொராண்டோவில் காலை 9. அதே நேரம் சிட்னியில் நள்ளிரவு தாண்டிவிடும். சிட்னியைச் சேர்க்க வேண்டுமானால் சென்னை நேரம் பகல் 12.30: சிங்கப்பூர், கோலாலம்பூருக்கு 3 மணி, சிட்னிக்கு அவர்களது கோடையில் மாலை 6, லண்டனுக்குக் குளிர்காலத்தில் காலை 7. அப்போது டொராண்டோ தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு நேரத்தையும் மாற்றி மாற்றி வைப்பது தவிர வழியில்லை. எப்போதும் ஒரே ஊர் அகாலத்தில் விழித்திருந்தால் அந்த ஊர் ஆறு மாதத்தில் காணாமல் போகும்.

மார்ச்சில் கூடுதல் எச்சரிக்கை. வட அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், ஐரோப்பா கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் இடையே வழக்கமான ஐந்து மணி வித்தியாசம் நான்காகிவிடும். அந்த நாட்களில் "லிங்க் வேலை செய்யல" என்று மெசேஜ் வந்தால் பாதி நேரம் காரணம் கடிகாரம்தான். இந்தியாவில் கடிகாரம் மாறுவதில்லை என்பதால் எல்லா அழைப்பையும் 'சென்னை நேரம்' என்று எழுதுவதே வழி.

மொழி பற்றி ஒரு சின்ன விஷயம். யாழ்ப்பாணத் தமிழில் 'கதைப்பது'தான் பேசுவது. 'பேசுவது' என்றால் திட்டுவது என்ற பொருளும் உண்டு. டொராண்டோ வட்டத்தில் இலங்கைத் தமிழர்கள் இருந்தால், "போன கூட்டத்தில் அவரைப் பேசினோம்" என்று தாளில் எழுதி வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இத்தனை வட்டத்துக்கும் தலைமையகம் எங்கே, தலைவர் யார்?
– சிங்கப்பூர் வாசகர்

உலகளாவிய வலைக்குச் சென்னையிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை 1882-இல் அடையாற்றுக்கு வந்து, இங்கிருந்து பல நாட்டுக் கிளைகளோடு தொடர்பு வைத்திருந்தது. கிளை, சாசனம், தலைவர் தேர்தல் என்று முழுமையான அமைப்பு. அந்த வட்டாரத்திலேயே ஜே. கிருஷ்ணமூர்த்தியை மையமாக வைத்து எழுந்த 'நட்சத்திர சங்கம்', 1929-இல் அவரே கலைத்துவிட்டதும் முடிந்தது. ஒரே ஆளில் தொங்கும் வலைக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு.

மறுபக்கம், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும், 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி, தன் செலவுக்குத் தானே உண்டியல், வெளிப் பணம் வாங்குவதில்லை. ஸ்வீடனில் 1902-இல் லுண்ட் நகரில் ஆஸ்கர் ஓல்சன் தொடங்கிய படிப்பு வட்டமும் ஆசிரியர் இல்லாமல், சில புத்தகங்களோடு, கையில் எடுத்து நடத்தக்கூடிய வடிவமாக இருந்ததால்தான் நாடெங்கும் பரவியது. எங்கள் சாய்வு இந்தப் பக்கம். வலைக்குப் பொதுவாக ஒரு பக்க விதி இருந்தால் போதும்: எட்டிலிருந்து பத்துப் பேர், 120 நிமிட முறை, ரகசியம் காக்கும் விதி, மாதத் தாள். மற்றதை அந்தந்த ஊர் முடிவு செய்யட்டும். சிங்கப்பூரில் இளையவர்கள் பாதி ஆங்கிலத்தில் பேசுவார்கள் என்றால் பேசட்டும், அதில் தலையிட மேடவாக்கத்துக்கு வேலையில்லை.

புதிய வட்டத்தை யார் தொடங்கலாம் என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வேறொரு வட்டத்தில் மூன்று கூட்டமாவது உட்கார்ந்தவர், அதில் ஒருமுறையாவது சிக்கலை வைத்து முதுகைக் காட்டி உட்கார்ந்தவர். கையேட்டைப் படித்துவிட்டுத் தொடங்கும் வட்டங்கள் பெரும்பாலும் இரண்டாம் மாதமே சொற்பொழிவுக்குத் தாவிவிடும்.

வெளிநாட்டு உறுப்பினர்கள் நன்கொடை தர முன்வருகிறார்கள். வாங்கலாமா? சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா?
– அண்ணா நகர் வாசகர்

எட்டுப் பேர், ஆளுக்கு 50 ரூபாய், பன்னிரண்டு மாதம்: 4,800 ரூபாய். டீக்கும் அட்டைக்கும் தாளுக்கும் அது போதும். பணம் அதிகமானால் அதைச் செலவழிக்க நிகழ்ச்சி தேவைப்படும், நிகழ்ச்சிக்கு மேடை தேவைப்படும். மறுபடியும் பொன்னாடை.

வாங்கியே தீருவேன் என்றால் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010 பார்ப்பது அனுப்புபவரின் பாஸ்போர்ட்டை. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே சிங்கப்பூர் அல்லது கனடா குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு மத்திய உள்துறையில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. 'என் ஜிபேயில் போடச் சொல்கிறேன்' என்பது தீர்வல்ல. பதிவு செய்யாத குழுவும் சட்டத்தின் கண்ணில் குழுதான்.

சங்கப் பதிவுக்கு, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பதிந்தபின் ஆண்டுப் பொதுக்குழு, கணக்கு, பதிவாளருக்கு அறிக்கை எல்லாம் தவறாமல் போக வேண்டும். மாதம் ஒருமுறை டீ குடிக்கும் எட்டுப் பேருக்கு இந்தச் சுமை தேவையா என்று ஆடிட்டரைக் கேட்பதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வட்டத்துக்கு வயது ஒன்றரை. ஆள் குறையவில்லை, ஆனால் சப்பென்று ஆகிவிட்டது.
– குரோம்பேட்டை வாசகர்

ஒருவர் சிக்கலை மற்றவர் மனப்பாடமாகத் தெரிந்துகொண்டுவிட்டீர்கள், அதுதான். மாதத் தாள்களை எடுத்துப் பாருங்கள். கடைசி நான்கு மாதத்தில் அதே இரண்டு பேர்தான் சிக்கல் வைத்திருப்பார்கள், கேள்விகளும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டாகப் பிரியுங்கள்: நான்கு நான்கு பேர், ஒவ்வொரு பாதியிலும் நான்கு புது ஆட்கள். பழைய நான்கு பேர் முறை தெரிந்தவர்கள் என்பதால் பயிற்சி தனியாகத் தேவையில்லை. முதல் மூன்று மாதம் இரண்டு வட்டமும் ஜோடியாக இருக்கட்டும், தாள் குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் போனால் போதும். பிரியும் நாளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். பம்பரம் யாருக்கு என்று சண்டை வரும், இன்னொன்று வாங்கிவிடுங்கள்.